கிட்டி மிஸ்ஸுக்குக் கலர் போட்ட கதை

அப்போதுதான் இருட்டியிருந்தது. அடுப்படியில் பால் ஆற்றிக்கொண்டிருந்த அருள்மணிக்குக் கை அப்படியே நின்றது. முன்னறையில் ஒரு பெண் சிரித்தாள். சட்டென்று சிரிப்பு அறுந்தது. மறுபடியும் அதே சிரிப்பு, அதே இடத்தில் அறுந்தது. திரும்பவும் சிரித்தபோது அவளுக்கு உள்ளங்கால் சில்லிட்டது. வீட்டில் அவளையும் கைப்பிள்ளையையும் விட்டால் புருஷன் கஸ்பார் மட்டும்தான்.

மாதாவே என்று பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். பேயாக இருந்திருந்தால் தேவலை. கிட்டி மிஸ்.

கான்வென்ட் பாட்டு டீச்சர் அவள். கித்தேரியம்மாள் என்று பெற்றவர்கள் வைத்த பேரைக் கத்தரித்துக் கிட்டி ஆக்கிக்கொண்டவள். பிள்ளைக்கு ஞானத்தாய். ஞானஸ்நானத்தன்று எடுத்த வீடியோவைத்தான் கஸ்பார் டெக்கில் ஓட்டிக்கொண்டிருந்தான். அதிலும் அவள் சிரிக்கிற இடத்தை மட்டும்.

படத்தில் மிஸ் முகம் நீலமாக விழுந்துவிட்டதாம். சரிபண்ணி ஒரு காப்பி கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறானாம்.

"நானுந்தான் நீலமாக் கெடக்கேன்," என்றாள் அருள்மணி.

"நீ வீட்டு ஆளு."

வீடியோ எடுத்தவர் பஜாரில் கடை வைத்திருக்கும் நசுருதீன். கோயிலுக்குள் ஒரு நிறம், வெளியே பனிமூட்டத்தில் ஒரு நிறம், வீட்டு டியூப்லைட்டில் இன்னொரு நிறம் என்று படத்தில் ஒவ்வொருவரும் மூன்று ஊர் ஆட்களைப் போலிருந்தார்கள். சீசன் நேரம், திருத்த அவருக்குச் சாவகாசமில்லை. நானே திருத்திக் காட்டுகிறேன் என்று கஸ்பார் மார் தட்டினான். லாட்ஜ் மேனேஜருக்குத் தெரியாத தொழில் உலகத்தில் ஏது?

நசுருதீனே இன்னொரு டெக்கையும் மூன்று திருகு வைத்த கலர் பெட்டியையும் கொண்டுவந்து மாட்டிக் கொடுத்தார். ஒரு டெக்கில் பழைய டேப் ஓடும். நடுவில் பெட்டியைத் திருகினால், திருந்திய நிறம் அடுத்த டெக்கில் பதிவாகும்.

"டிவில இருக்க கலர் திருகை மட்டும் தொட்டுறாதீக அண்ணே. அது ஆடுச்சுன்னா நீங்க திருத்துற அம்புட்டும் தப்பாப் போயிரும்," என்றார் நசுருதீன்.

கஸ்பார் கட்டிலுக்கடியில் பிளக்கைத் தேடிக்கொண்டிருந்தான். காப்பி கொடுக்க வந்த அருள்மணிதான் அதைக் கேட்டாள்.

அருள்மணி வருகிற இடம் எதுவானாலும் ஒரு கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் திருந்திவிடும். கிட்டி மிஸ் வருகிற இடங்களுக்குப் பொழுது போதாது. சேலை நிறம் சரிதானா என்று நேரிலேயே கேட்டுவர மிஸ் வீடு இருக்கும் நாயுடுபுரத்துக்குப் போனான். வரும்போது அந்தச் சேலைக்குத் தைத்த ரவிக்கையின் மிச்சத் துணி கையில் இருந்தது. அதை டிவிமேல் ஒட்ட வைத்து, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். கல்யாணச் சேலை எடுக்கும்போதுகூட அவன் அப்படிப் பார்த்ததில்லை. இவனை இப்படியே விட்டால் ஒருநாள் நாயுடுபுரத்திலேயே தங்கிவிடுவான் என்று அருள்மணிக்குப் பட்டது.

மறுநாள் டிவியைத் துடைத்தாள். துடைத்த கை கலர் திருகையும் ஒரு மயிரிழை குறைத்தது.

அன்று மாலை கிட்டி மிஸ் உரித்த பூம்பாறைப் பூண்டு மாதிரி வெளுத்திருந்தாள். பதறிப்போய்ப் பெட்டியில் சிவப்பைக் கூட்டினான் கஸ்பார். ரவிக்கைத் துணிக்குப் பொருந்தியது. பதிந்துகொண்டான். மறுநாளும் துடைத்தாள். மிஸ் இன்னும் வெளுத்தாள்; கஸ்பார் இன்னும் கூட்டினான். அருள்மணி வரும் இடத்தை எடுத்த அன்று மட்டும் திருகு பழைய இடத்துக்கு வந்து சமர்த்தாக உட்கார்ந்துகொண்டது.

ஒயரை மாற்றினான். வோல்டேஜைத் திட்டினான். டிவிக்குள் பனி இறங்கியிருக்கும் என்று அதற்குத் தன் ஸ்வெட்டரையே போர்த்திவிட்டு நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"நேத்து சரியா இருந்தாக. இன்னைக்கி ஏன் வெளுத்துட்டாக?"

"நான் என்னத்தக் கண்டேன். ரத்தசோகையோ என்னமோ."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மிஸ் வீட்டில் படம் போட்டார்கள். அங்கே டிவி உண்டு, டெக் கிடையாது என்பதால் கஸ்பார் தன்னுடையதைச் சுமந்துகொண்டு போனான். மிஸ்ஸின் அம்மா சூசையம்மாளும் கான்வென்ட் சிஸ்டர்கள் இருவரும் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

முதலில் அருள்மணி வந்தாள். பிள்ளையை ஏந்தி, இளமஞ்சள் சேலையில், அந்தோணியார் திருநாள் மெழுகுவர்த்தி மாதிரி பளிச்சென்று. அடுத்து கிட்டி மிஸ். நல்ல பீட்ரூட். பல்கூட ரோஸ். போகப்போக இன்னும் பழுத்தாள். கேக் வெட்டும் இடத்தில் மூக்கு எங்கே, கன்னம் எங்கே என்று தெரியவில்லை.

சின்ன சிஸ்டர் சிரிப்பை அடக்க, முந்தானை இல்லாத குறைக்கு ஜெபமாலையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். பெரியவர் உருகிப்போய்ச் சொன்னார்: "பெண்டாட்டிய எவ்வளவு பாத்துப் பாத்துச் செஞ்சிருக்கீங்க மிஸ்டர் கஸ்பார். இப்படிப் புருஷன் கெடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்."

இல்லை என்று எப்படிச் சொல்வது? கஸ்பார் தலையாட்டினான். கிட்டி மிஸ் டேப்பை உருவி அவன் கையிலேயே கொடுத்தாள். "உங்க மிஸஸ் படத்த நீங்களே வச்சுக்கங்க."

வழியெல்லாம் புலம்பினான். நம்ம டிவில நல்லாத்தானே இருந்துச்சு, நல்லாத்தானே இருந்துச்சு என்று. வாசலில் வந்துதான் முகம் தெளிந்தது.

"ஒண்ணு செய்றேன். நாளைக்கே பெட்டியத் தூக்கிட்டு மிஸ் வீட்டுக்குப் போறேன். அவுக டிவில வச்சே பக்கத்துல இருந்து சரி பண்ணிக் குடுத்துட்டு வர்றேன்."

அருள்மணி உள்ளே போனாள். பிள்ளையைத் தொட்டிலில் போட்டாள். கலர் பெட்டியைக் கொண்டுவந்து, அவன் ஏந்தியிருந்த டெக்மேல் பதனமாக வைத்தாள்.

"நாளைக்கி எதுக்குங்க? வெரசா இப்பவே போங்க."

"இந்தக் குளுருலயா?"

"செவப்பக் கூட்டிக்கிடுங்க."

இரண்டு கையும் நிறைந்திருந்ததால் கஸ்பாரால் கதவைத் தடுக்க முடியவில்லை. உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விழுந்தது.