பொட்டியக்காவின் ஒரு மணிச் சோறு

ஒரே ஒரு விசிலில் ஒரு நாள் சமையலை முடித்துவிட்டு வேலைக்குப் போன பெண்மணி இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் காலண்டர் கம்பெனியின் ஆர்டர் செக்‌ஷனைப் பார்த்துக்கொண்ட பொட்டியக்கா. சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்திருக்கும். அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் அந்த சிவகாசிக் கம்பெனியில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, சாமி படங்களுக்குப் பின்னால் மேகம் போடுவது என் உத்தியோகம். அடுத்த மேஜை அக்காவுடையது. ஆடிப் பெருக்குக்குப் புது வருஷக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியானால் மார்கழி வரை போன் ஓயாது. அக்கா ரிசீவரைத் தோளில் இடுக்கியபடி ஒரு கையால் ஆர்டர் எழுதுவார், மறுகையால் மொச்சை உரிப்பார். ஒற்றைக் கையால் மொச்சை உரிப்பதை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்க்கவில்லை.

காய்கறிக்கு அக்கா கடை ஏறியதே கிடையாது. காலண்டர் வாங்கும் வெளியூர் பார்ட்டிகள்தான் அவருடைய சந்தை.

“அண்ணாச்சி, அஞ்சாயிரம் முருகன், ரெண்டாயிரம் லட்சுமி, எழுதிக்கிட்டேன். திண்டுக்கல்ல சின்ன வெங்காயம் என்ன விலை? அம்புட்டுத்தானா? லோடு எறக்கிட்டு வண்டி சும்மாதான திரும்புது, ஒரு சாக்கு ஏத்தி விடுங்க.”

இப்படி ஊட்டியிலிருந்து கேரட்டும் பொள்ளாச்சியிலிருந்து தேங்காயும் எங்கள் லாரிகளில் வந்து இறங்கின. ஞாயிற்றுக்கிழமை விருதுநகர் போய் மில்லில் உடைந்து விழுந்த துவரம்பருப்பைச் சல்லிசாக வாங்கி வருவார். “முழுப் பருப்ப வாங்கி என்ன செய்ய, வெந்தா எல்லாம் ஒண்ணுதான்” என்பார். இவ்வளவு சிக்கனமான மனுஷி அடுப்பு எரிவதை மட்டும் சும்மா விடுவாரா?

அங்கேதான் பொட்டி வருகிறது. காலையில் குக்கரில் சோற்றையும் சாம்பாரையும் அடுக்கி ஏற்றுவார். ஒரு விசில் வந்ததும் இறக்கிவிடுவார். பழைய பட்டாசு அட்டைப்பெட்டி ஒன்றில், காலண்டர் தாளை ஓரம் வெட்டும்போது விழும் காகிதச் சீவலை மெத்தை மாதிரி நிரப்பி, நடுவில் குக்கரை உட்காரவைத்து, மேலேயும் சீவலைத் திணித்துக் கட்டிவிடுவார். மீதியைச் சூடு பார்த்துக்கொள்ளும். மத்தியானம் பிரித்தால் சோறு பூப்போல வெந்திருக்கும், ஆவி பறக்கும்.

அந்தப் பொட்டியோடு திருத்தங்கலில் டவுன் பஸ் ஏறி வருவார். ஒரு மணிக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து அவருடைய இரண்டு பெண் பிள்ளைகளும் தட்டோடு வந்து நிற்பார்கள். பரிமாறிவிட்டு அக்கா போனுக்கு ஓடிவிடுவார். அவர் பங்கு மூன்று மணிக்கு, ஆறிப்போய், நின்றபடி.

“வீட்டுல இருந்து கட்டிக் குடுத்து விட்டா என்னக்கா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“பள்ளிக்கூடம் போகாம தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்குப் போன வயசுல எனக்கு மத்தியானச் சோறு சூடா இருந்ததே இல்ல தம்பி. எம்பிள்ளைகளுக்கு இருக்கணும்” என்றார், மொச்சையிலிருந்து கண்ணை எடுக்காமல். அதற்குமேல் நான் கேலி பேசவில்லை.

அந்த ஐப்பசியில் வந்தது வினை. அவசரத்தில் ஒரு பக்கம் சீவலைக் குறைத்துத் திணித்துவிட்டார். பஸ்ஸில் கூட்டம். பொட்டியை டிரைவர் பக்கத்தில் வைத்துவிட்டு அக்கா பின்னால் நின்றார். கண்டக்டர் தற்செயலாகப் பொட்டியில் கை வைத்தார். சுட்டது. உற்றுப் பார்த்தார். மேலே பூச்சட்டிப் பட்டாசின் படம்.

எங்கள் ஊரில் பட்டாசுப் பெட்டி சுட்டால் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். விசில் அடித்த வேகத்தில் பஸ் காலி. பயணிகளில் ஒருவர் பட்டாசு ஆலை ஃபோர்மேன். பழக்கதோஷம், பொட்டியைத் தூக்கிச் சாலையோரம் வைத்து, வீடு கட்டக் கொட்டியிருந்த மணலை அள்ளி மூடிவிட்டார். டீக்கடைக்காரர் தன் பங்குக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார்.

அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, மணலைத் தோண்டிக் குக்கரை வெளியே எடுத்தார். மூடியை முந்தானையால் துடைத்தார். “மூடி இறுக்கமாத்தான் இருக்கு. ஏறுங்க, நேரமாச்சு.”

குக்கர் தப்பியது. சேதி தப்பவில்லை. அக்கா வந்து சேருமுன்பே எங்கள் முதலாளி காதுக்குப் போய்விட்டது.

“ஏம்மா, பட்டாசுப் பொட்டிய பஸ்ஸுல கொண்டாந்தீகளாமே?”

“பொட்டிதான் பட்டாசுது மொதலாளி. உள்ள சாம்பாரு.”

“ஊருப்பட்ட பேப்பர் கெடக்குற எடம். நாளையில இருந்து சூடான பொட்டி உள்ள வரக்கூடாது.”

“அப்ப நானும் வரல மொதலாளி.”

அக்கா குரலை உயர்த்தவில்லை. ஆனால் கையிலிருந்த ரிசீவரைக் கீழே வைத்துவிட்டார். புருஷன் லாரியில் ஏறினால் வாரக்கணக்கில் வீடு திரும்பாதவர். இந்த வேலை போனால் அந்த வீட்டில் எந்தப் பருப்பும் வேகாது. அது எனக்கும் தெரியும், முதலாளிக்கும் தெரியும். சீசன் நடுவில் அக்கா போனால் கம்பெனியும் வேகாது என்பதும் முதலாளிக்குத் தெரியும்.

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நாளைக்கு ஒரு நா, பொட்டிய என் ரூமுல வைங்க. நானே பாத்துட்டுச் சொல்றேன்.”

மறுநாள் முதலாளி அறையில் பொட்டி. இருபுறமும் மணல் வாளி. முதலாளி நாற்காலியை வாசலோரம், ஓடுவதற்குத் தோதாகப் போட்டிருந்தார். பதினோரு மணிக்கு என்னைக் கூப்பிட்டார்.

“ஏப்பா, லேசா வாடை வருதே. கருகுதோ?”

“பெருங்காயம் மொதலாளி.”

பன்னிரண்டு மணிக்கு எட்டிப் பார்த்தேன். நாற்காலி பொட்டிக்குப் பக்கத்தில் இருந்தது.

ஒரு மணிக்குப் பிள்ளைகள் வந்தார்கள். முதலாளி கை நீள்வதைப் பார்த்து, “தொடாதீக தாத்தா, அம்மாதான் தெறக்கணும்” என்றாள் சின்னவள். அக்கா திறந்தார். முதலாளியின் கண்ணாடியில் ஆவி படிந்தது. சீசனில் அவருக்கு மத்தியானச் சாப்பாடு என்பது நாலு மணிக்கு ரெண்டு பிஸ்கட். சின்னவள் தன் தட்டை அவர் பக்கம் தள்ளினாள். ஒரு கரண்டி யாருக்கும் கூடுதலாக ஊற்றாத அக்கா, அன்று கேட்காமலே ஊற்றினார்.

முதலாளி தட்டை வழித்துச் சாப்பிட்டு முடித்தார். “பொட்டி இங்கனயே இருக்கட்டும். அந்த வாளிகளத் தூக்கிட்டுப் போகச் சொல்லுங்க.” வாசல்வரை போய்த் திரும்பினார். “நீங்களும் உக்காந்து சாப்பிடுங்கம்மா.”

அக்கா தரையில் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்தார். அப்படி உட்கார்ந்து அவரை நான் பார்த்ததே இல்லை. முதல் வாய் எடுத்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதே நேரம் பார்த்து அவர் மேஜையில் போன் அடித்தது. அக்கா எழப் பார்த்தார். ஓடிப்போய் நானே எடுத்தேன். சேலம் பார்ட்டி.

“எங்கப்பா அந்தம்மா? பெரிய ஆர்டர், அவசரம்.”

“அரை மணி கழிச்சுப் போடுங்க சார். அக்கா சாப்பிடுறாக, சோறு சூடா இருக்கு” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.