கிழிசல் இல்லாத சட்டை

வக்கீல் சட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தார். முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார், உள்பக்கத்தை வெளியே திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டும் ஒரு தடவை பார்த்தார்.

"கிழிசல் எங்கே மாஸ்டர்?"

"வலது கையில சார். மணிக்கட்டுலேர்ந்து முழங்கை வரைக்கும்."

"எனக்குத் தெரியலையே."

"தெரியாது சார்," என்றார் மாஸ்டர். சொல்லும்போதே அவர் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது. "தெரிஞ்சா அது நம்ம கடை வேலையே இல்லை."

வக்கீல் சட்டையை மேசைமேல் போட்டார். பஸ்ஸில் கிழிந்த சட்டையை அப்படியே கொண்டுவாருங்கள், பஸ்ஸின் பச்சைப் பெயின்ட் ஒட்டியிருந்தால் இன்னும் விசேஷம் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். வந்திருப்பதோ துவைத்து, தைத்து, இஸ்திரி போட்ட சட்டை. போட்டுக்கொண்டு புது வேலையில் சேரப் போகலாம்.

"யாரு தைச்சது?"

"நான்தான் சார்."

வக்கீலின் பார்வை மெதுவாக மாஸ்டரின் வலது கைக்கு இறங்கியது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மடங்காமல் விறைத்து நின்றன. அந்த இரண்டு விரலுக்காகத்தான் வழக்கே.

"இந்தக் கையாலயா?"

மாஸ்டர் கையை மடியில் மறைத்துக்கொண்டார்.

'நான்தான்' என்று சொல்வது பதினெட்டு வருடப் பழக்கம். தையல் கடையில் துணி வெட்டுவது மாஸ்டர். அதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஆனால் கடைக்குப் பெயர் வந்தது கிழிசல் தைப்பதில். எலி கடித்த கோட்டும் நெருப்புப் பட்ட பாவாடையும் திரைக்குப் பின்னால் போகும். ஒன்றுமே நடக்காத மாதிரி திரும்பி வரும். "யாருங்க தைச்சது?" என்று வாடிக்கையாளர்கள் வாயைப் பிளப்பார்கள். "நான்தான்" என்பார் மாஸ்டர். திரைக்குப் பின்னால் மனைவி ஊசியில் அடுத்த நூலைக் கோத்துக்கொண்டிருப்பாள். இதைப் பொய் என்று மாஸ்டர் நினைத்ததில்லை. கடை என்னுடையது, மனைவி என்னுடையவள், அப்புறம் தையல் மட்டும் யாருடையதாம்?

விபத்து நடந்து ஒன்றரை மாதமாகிறது. அன்று மாஸ்டர் கடையிலிருந்து கிளம்பி, வழியில் ஒருவர் வீட்டில் கோட்டைக் கொடுத்துவிட்டு, நூல் வாங்கப் பஸ் ஏறினார். மூச்சுவிட முடியாத கூட்டம். பின்பக்கம் ஜன்னலோரம் நின்றார். பஸ் விளக்குக் கம்பத்தில் மோதியது. ஜன்னல் தகரம் கையைக் கிழித்தது. ரத்தத்தைப் பார்த்ததும் மாஸ்டர் மயங்கிவிட்டார். யாரோ ஒரு புண்ணியவான் அவர் கையில் இறுக்கிக் கட்டுப் போட்டு, ஏதோ ஒரு வண்டியில் ஏற்றி அனுப்பியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது மனைவி பக்கத்தில் நின்றாள். டாக்டரே அப்புறம்தான் வந்தார். அந்தக் கட்டு மட்டும் இல்லையென்றால் கையே போயிருக்கும் என்றார்.

டிக்கெட் எங்கே போனதோ தெரியவில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டில் 'வெட்டுக் காயம்' என்று மட்டும் இருந்தது. இவர் எங்கள் பஸ்ஸில் வரவே இல்லை, கத்தரிக்கோலில் வெட்டிக்கொண்டிருப்பார் என்றது பஸ் கம்பெனி. அந்தக் கத்தரிக்கோலைத்தான் மாஸ்டரால் இப்போது பிடிக்கவே முடியவில்லை.

"ஒண்ணு கிழிசல் வேணும்," என்றார் வக்கீல். "இல்லை, கட்டுப் போட்ட ஆள் வேணும்."

வீட்டுக்கு வந்ததும் சட்டையை மனைவியிடம் நீட்டினார்.

"தையலைப் பிரி."

"பிரிக்கறதா? இந்தச் சட்டை மடிப்புலேர்ந்தே நூலை உருவித்தான் தைச்சேன். எங்க ஆரம்பிச்சேன்னு நானே தேடணும்."

"எதுக்கு இவ்வளவு நல்லா தைச்சுத் தொலைச்சே?"

பதினெட்டு வருடத்தில் அவள் வேலையில் அவர் கண்டுபிடித்த முதல் குறை இதுதான்.

"அன்னிக்கு மனசு சரியில்லைங்க," என்றாள் அவள். "கை சும்மா இருக்க மாட்டேன்னுது."

மாஸ்டர் தானே கிழிக்க உட்கார்ந்தார். இடது கைக்கு அளவு தெரியவில்லை. மணிக்கட்டில் தொடங்கிய கிழிசல் முழங்கையில் நிற்காமல் தோளைத் தாண்டி காலர் வரை போய்த்தான் நின்றது.

மறுநாள் வக்கீல் அதைப் பார்த்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார்.

"இப்படிக் கிழிஞ்சிருந்தா ஆளே இருந்திருக்க முடியாது மாஸ்டர். சாட்சியத்தை ஜோடிச்சீங்கன்னு உங்களைத்தான் உள்ளே தள்ளுவாங்க. எடுத்துக்கிட்டுப் போங்க."

சாயங்காலத்துக்குள் மனைவி அதையும் தைத்துவிட்டாள். இந்தத் தடவையும் ஒன்றும் தெரியவில்லை.

மிச்சம் இருந்தது கட்டுப் போட்ட ஆள். "கட்டுப் போட்டிருந்தது ரொம்ப நல்ல துணிடி," என்றார் மாஸ்டர். "முகம் தெரியாத ஒருத்தனுக்காக அதைப் போய் எவன் கிழிப்பான்? அந்த மனுஷனை எப்படியாவது பார்க்கணும்."

"அந்த ஆள் கெடைக்க மாட்டாங்க. விட்டுடுங்க."

அவள் எப்போதும் இப்படித்தான், எதற்கும் நம்பிக்கையில்லாமல் பேசுவாள் என்று மாஸ்டர் நினைத்துக்கொண்டார். இடது கையால் கோணல்மாணலாக எழுதி பஸ் நிறுத்தத்தில் ஒட்டினார்: 'விபத்தில் என் கைக்குக் கட்டுப் போட்டவர் தேவை. தக்க சன்மானம் உண்டு.'

மறுநாள் காலையில் பதினோரு பேர் வந்தார்கள். ஒருவர் தான் கட்டியது இடது கை என்று அடித்துச் சொன்னார். இரண்டு பேர், யார் கட்டினார்கள் என்று வாசலிலேயே சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு பாக்கெட் கிழிந்து, அதுவும் திரைக்குப் பின்னால் போனது. கடைசியாக வந்த பெரியவர் மட்டும் நேர்மையானவர்.

"நான் கட்டலைங்க. ஆனா நல்லா கட்டுவேன். தேவைப்பட்டா சொல்லி அனுப்புங்க."

மனைவி பதினோரு பேருக்கும் டீ கொடுத்தாள். யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பஸ் கம்பெனி ஆள் வந்து அந்த அறிவிப்பைப் படம் எடுத்துக்கொண்டு போனார்.

"காசு குடுத்து சாட்சி தேடறார்னு இப்ப அவங்க கையிலயே ஆதாரம் இருக்கு," என்றார் வக்கீல். குரலில் கோபம்கூட இல்லை. "இனி நமக்கு இருக்கறது இந்தச் சட்டைதான். விசாரணையில இதை யார் தைச்சதுன்னு கேப்பாங்க. நீங்கன்னு சொன்னா, கை நல்லா இருக்குன்னு ஆயிடும். வேற கடையிலன்னு சொல்லுங்க. அது போதும்."

விசாரணை அறை சின்னது. மின்விசிறி கடகடவென்று ஆடியது. மாஸ்டரின் மனைவி பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கம்பெனி வக்கீல் சட்டையை உதறி எல்லோருக்கும் காட்டினார்.

"கிழிசலே இல்லாத சட்டையைக் கிழிஞ்ச சட்டைன்னு கொண்டுவந்திருக்காங்க ஐயா. தைச்சாச்சுங்கறார். யார் தைச்சது?"

மாஸ்டர் வாயைத் திறந்தார். 'வேற கடை' என்று இரண்டு வார்த்தைதான் சொல்ல வேண்டும். சட்டையைப் பார்த்தார். இரண்டு தடவை கிழிந்து, இரண்டு தடவையும் ஒன்றும் நடக்காத மாதிரி தொங்கியது. இதை எந்தக் கடை தைக்கும்?

"வேற கடைக்காரன் எவனாலயும் இப்படித் தைக்க முடியாது ஐயா," என்றார்.

அவருடைய வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்ப நீங்கதான் தைச்சீங்க?" என்றார் நீதிபதி.

"இல்லைங்க. என் சம்சாரம்." அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை. "இது ஒண்ணு மட்டுமில்லை. பதினெட்டு வருஷமா கிழிசல் எல்லாம் அவதான் தைக்கறா. யார் கேட்டாலும் நான்தான்னு சொல்லிக்கிட்டிருந்தேன். அவளும் ஒரு நாள்கூட மாத்திச் சொல்லலை. எனக்குத் தெரிஞ்சது வெட்டறது. அதுவும் இப்பப் போச்சு."

சொன்ன பிறகு வெட்கமாக இருந்தது. கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. பின் பெஞ்சில் மனைவி தலையைக் குனிந்துகொண்டு அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்தார். சந்தோஷம் மட்டும் மாதிரி தெரியவில்லை.

"யார் வேணாலும் தைச்சுட்டுப் போகட்டும் ஐயா," என்றார் கம்பெனி வக்கீல். "இவர் பஸ்ல இருந்தாரா? எங்க கண்டக்டரையே கேளுங்க."

அதே விபத்தில் கால் ஒடிந்து வீட்டில் கிடந்த கண்டக்டர் கம்பு ஊன்றி உள்ளே வந்தார். மாஸ்டரை மேலும் கீழும் பார்த்தார்.

"அன்னிக்கு செம கூட்டம் ஐயா. இவர் முகம் ஞாபகமில்லை."

மாஸ்டரின் வக்கீல் ஃபைலை மூடி நாடாவைக் கட்டத் தொடங்கினார். கண்டக்டர் கம்பைத் திருப்பி ஊன்றி வெளியே நடந்தார். பின் பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றார். அவர் முகம் மலர்ந்தது.

"அம்மா, நீங்களா? தையல் வேலைக்கு ஆள் எடுக்கற கடைக்கு எந்த ஸ்டாப்புல இறங்கணும்னு கேட்டுக்கிட்டே வந்தீங்களே, அங்க காட்டறதுக்குன்னு தைச்சு வெச்சிருந்த துணியையும் பின்னாடி மயங்கிக் கிடந்தவர் கையில கிழிச்சுக் கட்டிட்டீங்க, அப்புறம் அந்த வேலை கெடைச்சுதாம்மா?"