வலது முழங்காலுக்கு ஒரு மலை

உலகத்து முழங்கால்களின் வரலாற்றை யாராவது எழுதினால், அக்கரப்பத்தனைக்கு மேலே இருக்கும் சாய்மலைத் தோட்டத்துக்கு அதில் தனி அத்தியாயம் ஒதுக்கியே தீர வேண்டும். 1999ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில், மூட்டுத் தேய்வுக்கு மலையையே மருந்தாக்கிய பெருமை அந்தத் தோட்ட நிர்வாகத்தையே சேரும்.

அந்தப் பெருமைக்கு மூலகாரணம் காளியாயியின் வலது முழங்கால். பதினாலு வயதில் கொழுந்துக் கூடை மாட்டியவளுக்கு இப்போது ஐம்பத்தொன்று. நுவரெலியாவில் பிடித்த எக்ஸ்ரே படத்தில், முழங்காலின் உள்பக்கம் எலும்பும் எலும்பும் உரசிக்கொண்டு நின்றன. அவள் கேட்டது ஒரேயொரு துண்டு. 'இவளுக்கு உட்கார்ந்து செய்யும் வேலை கொடுக்கவும்' என்று தோட்ட டொக்டர் எழுதித் தந்தால் போதும். தேயிலை ஸ்டோரில் உட்கார்ந்து குச்சி பொறுக்கிக்கொண்டிருப்பாள்.

டொக்டர் தம்பிராசா யாழ்ப்பாணத்துக்காரர். துண்டு எழுதுவது போன்ற அற்ப வைத்தியங்களில் அவருக்கு நம்பிக்கை கிடையாது.

"துண்டு என்னத்துக்கு? கொழும்பிலயிருந்து இது வந்திருக்கு" என்று ஒரு சோடி சப்பாத்து மெத்தையை மேசையில் வைத்தார். "வெளிப்பக்கம் உயரம், உள்பக்கம் பதிவு. பாதம் சாயேக்க முழங்காலின்ரை உள்பக்கத்துப் பாரம் குறையும். விஞ்ஞானம்! சப்பாத்துக்குள்ள வைச்சு நடவுங்கோ."

"சப்பாத்து எங்கங்கையா?"

டொக்டர் அவளுடைய வெறுங்காலைக் குனிந்து பார்த்தார். அதில் ஓர் அட்டை மட்டும் ஏறிக்கொண்டிருந்தது.

உடனே அவசரக் கூட்டம் கூடியது. தலைமை, தோட்ட நிர்வாகியான பெரிய துரை. சப்பாத்து கொடுப்பது 'கொள்கை சம்பந்தப்பட்ட விடயம்' என்று மூன்று மணி நேரம் ஆராய்ந்து, இரண்டு தடவை தேநீர் குடித்து, ஒத்திவைத்தார்கள். அப்போதுதான் டொக்டருக்கு ஞானம் பிறந்தது.

"சேர், மெத்தை எண்டால் என்ன? ஒரு சரிவு. மலை எண்டால் என்ன? அதுவும் சரிவு! மலையை வலப்பக்கம் வைச்சு நடந்தால் வலங்காலின்ரை வெளிப்பக்கம் தானா உயரும். எங்களிட்ட எண்ணூறு ஏக்கர் மெத்தை கிடக்குது, சேர்!"

துரைக்குக் கண் கலங்கிவிட்டது.

"ரெண்டு முழங்காலும் நோவுறவங்க?" என்று கணக்கப்பிள்ளை சந்தேகம் கேட்டார்.

"அவையள் மழைத்தண்ணி ஓடுற கானுக்குள்ள நடக்கட்டும். ரெண்டு பக்கமும் சரிவு."

மறுநாள், ஆட்களுக்கு வேலை பிரிக்கும் காலைப் பெரட்டில் கங்காணி செல்லசாமி முழங்கினார். "வலங்காலு நோவுறவுக மலைய வலப்பக்கம் வச்சுப் போங்க! இடங்காலு நோவுறவுக இடப்பக்கம்! யாரும் திரும்பக் கூடாது. திரும்புனா மருந்து முறிஞ்சிரும்!"

இடங்கால்காரி நாகலெட்சுமி கூடையை இறக்கினாள். "ஏங்க கங்காணியாரே, மலை முடிஞ்சா?"

"மலை எங்கடி முடியும்? நேராப் போ!"

நேராகத்தான் போனார்கள். மலையை ஒரே பக்கம் வைத்து நடப்பவர்கள் மலையைச் சுற்றத்தானே வேண்டும்? பதினொரு மணிக்கு வலங்கால் கோஷ்டி பக்கத்துத் தோட்டத்துக்குள் கொழுந்து எடுத்துக்கொண்டே நுழைந்தது. எதிரே இடங்கால் கோஷ்டி வந்துகொண்டிருந்தது.

"என்னாக்கா, இந்தப் பக்கம்?" என்றாள் நாகலெட்சுமி.

"வைத்தியத்துக்கு வந்தேன்டி" என்றாள் காளியாயி. "ஒனக்கு எப்பிடி, மருந்து கேக்குதா?"

"நமக்குக் கேக்கலக்கா. இந்தத் தோட்டத்துக்காரனுக்குத்தான் நல்லாக் கேக்குது. அங்க பாரு, தராசு கட்டுறான்."

இரண்டு கோஷ்டியின் கொழுந்தையும் பக்கத்துத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை மிகுந்த மரியாதையோடு நிறுத்து எடுத்துக்கொண்டார். கானுக்குள் நடந்த நாலு பேரை மாலையில் ஏணி வைத்துத்தான் தூக்க வேண்டியிருந்தது.

வாரக் கடைசியில் மீளாய்வுக் கூட்டம். காளியாயியை இரண்டு பேர் கைத்தாங்கலாக அழைத்து வந்து நிறுத்தினார்கள். முழங்கால் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. வலியில் அவளுக்குப் பயமெல்லாம் போய்விட்டது.

"முப்பத்தேழு வருசமா இந்தச் சரிவுலதாங்கையா நின்னுக்கிட்டிருக்கேன். இதுதான் மருந்துன்னா எனக்கு நோவு எப்பிடி வந்துச்சு? துண்ட எழுதிக் குடுங்க."

துரை டொக்டரைப் பார்த்தார். டொக்டர் காளியாயியை, களவு செய்தவளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"முப்பத்தேழு வருசம்! நாளுக்கு எட்டு மணித்தியாலம்! இவ்வளவு மருந்தை ஆரைக் கேட்டு எடுத்தனீங்கள்?"

காளியாயி இதுதான் சமயமென்று பிடித்துக்கொண்டாள். "அறியாத்தனமா எடுத்துப்புட்டேங்க. இன்னையோட நிப்பாட்டிருவோமுங்க."

"சட்டெண்டு நிப்பாட்டக் கூடாது. முறிவு மருந்து எடுக்கவேணும். நாளையிலயிருந்து மலையை இடப்பக்கம் வைச்சு, அதே முப்பத்தேழு வருசம் நடவுங்கோ."

துரை கை தட்டினார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

"எம்பத்தெட்டு வயசு வரைக்குமா? அதுக்குள்ள நாலு பேரு என்னையத் தூக்கிட்டுப் போயிருவாங்களேங்கையா!"

டொக்டரின் முகம் மலர்ந்தது. தன் சிகிச்சை அறிக்கையில் விடுபட்டிருந்த கடைசிப் பத்தியை அப்போதே எழுதி முடித்தார்: 'தூக்கிச் செல்லப்படும் சந்தர்ப்பத்தில் நோயாளியின் முழங்காலில் எவ்விதப் பாரமும் இராது. எனவே, சிகிச்சையின் வெற்றி நூறு வீதம்.'