பன்றிக்கொட்டிலில் ஐந்நூறு கிலோமீட்டர்

ஆறு வாரமாகியும் ஒருவர்கூட வண்டியைக் கேட்கவில்லை. உரியமைத் தூங்கவிடாமல் செய்தது அதுதான்.

தலைநகர் தராவாவிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய மின்சார மோட்டார் சைக்கிள் அது. நீல நிறம். சத்தமில்லை, புகையில்லை, பின்னால் சாமான் வைக்க ஒரு பெட்டி. உலகம் விடுகிற மொத்தப் புகையில் நடுக்கடல் தீவுகளான எங்கள் கிரிபாஸ் நாட்டின் பங்கு, கல்யாண வீட்டுக் கொல்லையில் ஒருவர் ஒளிந்து நின்று பிடித்த பீடி அளவுதான். ஆனாலும் முதலில் பீடியை அணைப்பது நாங்கள்தான், கடல் முதலில் ஏறுவது எங்கள் வாசலில் என்பதால்.

ஆகவே தீவுக்கு ஒரு வண்டி, வண்டிக்கு ஒரு புகைக்குறைப்பு அலுவலர். எங்கள் தீவுக்கு உரியம். நிபந்தனை ஒன்றே ஒன்று. இரண்டு மாதத்தில் வண்டி ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை என்றாலும், அலுவலர் கையைவிட்டு வண்டி போனாலும், வேலை காலி. கிலோமீட்டர் காட்டும் இடத்தை யாரும் நோண்டிவிடக் கூடாதென்று அதன்மேல் தகர மூடி போட்டு முத்திரையும் வைத்திருந்தார்கள். அதிகாரி வந்துதான் உடைக்க வேண்டும்.

ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டுவதில் உரியமுக்குச் சிக்கல் இல்லை. சிக்கல், புபுஸ்.

எங்கள் ஊரில் உறவுக்காரர் ஒருவர் எதிரே வந்து "புபுஸ்" என்று ஒரு பொருளைக் கேட்டுவிட்டால் கொடுத்தே ஆக வேண்டும். கொடுத்தது கொடுத்ததுதான். இல்லை என்று சொன்னவன் ஊர் கூடிப் பேசும் மனேயபா கூடத்தில் அப்புறம் தலைகாட்ட முடியாது. தீவில் உறவுக்காரர் அல்லாதவர் என்று பார்த்தால் பன்றிகள்தான். உரியமின் படகு எஞ்சின் அப்படித்தான் போனது. மின்விசிறி போனது. ஈஸ்டருக்கு எடுத்த பூப்போட்ட லுங்கி, அவன் இடுப்பில் இருந்தபோதே கேட்கப்பட்டது. துண்டைக் கட்டிக்கொண்டு வீடு வந்தான்.

எனவே வண்டி இறங்கிய அன்றே ஊருக்கு அறிவித்தான்.

"பேட்டரி செத்துப்போச்சு. சாமான் தராவாலேர்ந்து வரணும்."

வீட்டுக்குப் பின்னால் பன்றிக்கொட்டிலுக்குள் தள்ளிப்போய் நிறுத்தி, தாழம்பாய் நாலு போட்டு மூடினான். கொட்டில் கூரையில் வண்டிக்கு மின்னேற்றும் சூரியத் தகடு. மின்சாரம் நிறைந்தால் பச்சை விளக்கு, காலியானால் சிவப்பு.

"நான் ஆபீசுல இருக்கறப்ப பன்னி கத்துதான்னு பாத்துக்க. கத்தினா எவனோ உள்ள போறான்னு அர்த்தம்" என்றான் மனைவி அகோயாவிடம்.

"அது கத்தறதே இல்லீங்க."

"அதான் சந்தேகமா இருக்கு."

"பன்னி மேலயுமா?"

பன்றி கத்தவில்லை என்பது மட்டுமல்ல, பெருத்துக்கொண்டும் வந்தது.

அலுவலகம் வடகோடியில், எட்டு கிலோமீட்டர். செத்துப்போனதாக அறிவித்த வண்டியில் போக முடியாது. காலை ஏழு மணிக்குப் பழைய பெட்ரோல் ஸ்கூட்டரை உதைத்துக் கிளம்புவான். புகைக்குறைப்பு அலுவலர் எங்கே போய்க்கொண்டிருக்கிறார் என்பது தென்கோடியில் நிற்பவர்களுக்கும் தெரியும். தென்னைகளுக்கு மேலே நீலப் புகை எழும்பும்.

வண்டியை ஊர் மறந்ததும் வெளியே எடுக்கலாம் என்று காத்திருந்தான். ஆனால் செத்த சாமானையும் விடாமல் கேட்கிற ஊர் இது; கேட்காத ஊர் எப்படி மறக்கும்?

ஒருநாள் தோக்கா வந்தான். அகோயாவின் தம்பி. எஞ்சினும் விசிறியும் லுங்கியும் அவனிடம்தான் இருக்கின்றன. கள் குடித்தான், கறிப்பலா தின்றான், காற்றைப் பற்றிப் பேசினான், எழுந்தான்.

"அவ்ளோதானா மச்சான்?" என்றான் உரியம்.

"வேறென்ன மச்சான்?"

"ஒண்ணும் வேணாமா?"

"எல்லாம் இருக்கு."

எல்லாம் இருக்கு! தோக்கா நாற்பது வருடத்தில் சொல்லாத வார்த்தை. அன்றைக்கு உரியமுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் கடையில் பெட்ரோல் ஊற்றிக்கொண்டே கடைக்காரர் மாரெகோ புலம்பினார்.

"இந்த மாசம் உன்னை விட்டா ஒருத்தன் பெட்ரோல் வாங்கலப்பா. பீப்பா அப்படியே கெடக்கு."

"ஏனாம்?"

"புகையைக் கொறைக்கிறாங்களோ என்னமோ. நீதான கூட்டம் போட்டுச் சொன்ன?"

உரியம் அந்தக் கூட்டத்தை நினைத்துப் பார்த்தான். பதினோரு பேர் வந்தார்கள், ஒன்பது பேர் தூங்கினார்கள். தூங்கினவன் எப்படித் திருந்துவான்? ஏதோ சதி நடக்கிறது. வண்டி எப்படியும் கைக்கு வரும் என்று தெரிந்துதான் பெட்ரோலை நிறுத்தியிருக்கிறார்கள்.

வடகோடியிலும் ஒரு மர்மம். தடுப்பூசிப் பெட்டியைச் சுமந்துகொண்டு நடந்தே வந்து மதியம் சேரும் நர்ஸ் தபேரா, இப்போது எட்டு மணிக்கே வந்து வரிசையைக் கூட்டி ஊசி போட்டுக்கொண்டிருந்தார். நெற்றியில் ஒரு பொட்டு வியர்வை இல்லை.

"எப்படி வந்தீங்க சிஸ்டர்?"

"எப்பவும் போலத்தான்" என்று சொல்லி, அடுத்த குழந்தையின் தொடையைப் பிடித்தார்.

சாயங்காலம் வீடு வந்தால் கொட்டிலில் சிவப்பு விளக்கு. தினமும் சிவப்பு. நாள் முழுக்க வெயில் அடித்தும் சிவப்பு. தகட்டைத் துடைத்தான், திருப்பி வைத்தான், கூரையில் நிழல் விழுகிறதென்று ஒரு தென்னையையே வெட்டினான். அப்படியும் சிவப்பு. ஓட்டாத வண்டியின் மின்சாரத்தைக் குடிக்கிற தகடு! தாழம்பாய்மேல் மீன் செதில் வேறு கிடந்தது.

"பன்னிக்கு மீன் போட்டியா?"

"பாவம், அதுக்கும் வாய் இருக்குல்ல" என்றாள் அகோயா, அவன் முகத்தைப் பார்க்காமல்.

அப்போதுதான் ரேடியோவில் செய்தி வந்தது. அதிகாரி தெரேங்கா மேடம் இரண்டு வாரம் முன்னதாக, இந்தச் சனிக்கிழமையே வருகிறார்.

நாலு நாள். ஐந்நூறு கிலோமீட்டர். தீவின் நீளமே பதினொன்று.

உரியம் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கணக்குப் போட்டான். வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, பின்சக்கரத்தை அந்தரத்தில் சுழலவிட்டால் யார் கண்ணிலும் படாமல் ஓடும். மணிக்கு நாற்பது. பன்னிரண்டரை மணி நேரம். ஆனால் இந்தத் திருட்டுத் தகட்டை நம்பினால் கிறிஸ்துமஸ் வந்துவிடும். கோயிலில் ஒரு டீசல் ஜெனரேட்டர் இருந்தது. உபதேசியாரிடம் போய், வாழ்க்கையில் முதல்முறையாக, அவனே கேட்டான்.

"புபுஸ்."

"தாராளமா எடுத்துக்க. டீசலும் ஊத்தித் தரட்டுமா?" என்றார் உபதேசியார்.

இவ்வளவு அன்பு எதற்கு? உரியம் வழி நெடுகத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே ஜெனரேட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

இரண்டு மணி நேரம் டீசலை எரித்துப் பேட்டரியை நிரப்புவான். ஒரு மணி நேரம் சக்கரத்தைச் சுழலவிடுவான். மறுபடி டீசல். இப்படியாக நாலு நாள், எங்கள் தீவின் வரலாற்றிலேயே அதிகமான புகை புகைக்குறைப்பு அலுவலரின் கொட்டிலிலிருந்து போனது. பன்றி முதல் நாளே வேலியை முட்டி உடைத்துக்கொண்டு கடலுக்குள் இறங்கி நின்றுவிட்டது.

"என்ன மச்சான் புகை?" தோக்கா வேலிக்கு வெளியே நின்றான்.

"தேங்கா வாட்டுறேன்."

தோக்கா போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நமக்கும் வாட்டிக் கொடு என்று ஊரே தேங்காயைக் கொண்டுவந்து குவித்தது. சக்கரத்தைச் சுழலவிட்டுவிட்டு உரியம் தேங்காயும் உடைத்தான்.

தோக்கா மறுநாளும் வந்தான்.

"ஆபீசுக்குப் போகலியா மச்சான்?"

"விடுப்பு."

"ஒடம்புக்கு ஒண்ணுமில்லல்ல? போயிட்டு வாங்களேன், மனசுக்கும் நல்லா இருக்கும்."

மூன்றாம் நாளும் வந்தான்.

"இன்னிக்கும் போகலியா?" அழுதுவிடுவான் போலிருந்தது.

நான் வெளியே போனால் இவனுக்கென்ன லாபம்? உரியம் ஜெனரேட்டர் பக்கத்திலேயே பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டான். மாரெகோ கடையில் பெட்ரோல் மறுபடி விற்கத் தொடங்கியிருக்கிறது என்று அகோயா சொன்னாள். தபேரா சிஸ்டர் வெயிலில் நடந்து போவதைப் பார்த்ததாகவும் சொன்னாள். "பாவம்" என்றாள். யாரைச் சொன்னாள் என்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டரை மணி நேரம் முடிந்தது. உரியம் பதிவு நோட்டை எடுத்துக் கற்பனையை அவிழ்த்துவிட்டான். தடுப்பூசிப் பயணம், நாற்பது தடவை. கரையிலிருந்து மீன் ஏற்றியது. பள்ளிக்கூடத்துக்கு அரிசி மூட்டை. கோயிலுக்கு உபதேசியாரை அழைத்துப் போனது. கூட்டிப் பார்த்தால் சரியாக ஐந்நூறு. படித்துப் பார்த்தபோது அவனுக்கே தன்மேல் மரியாதை வந்தது.

சனிக்கிழமை தெரேங்கா மேடம் படகிலிருந்து இறங்கினார். ஊரே கொட்டிலைச் சுற்றி நின்றது. பாயை விலக்கினார்கள். மேடம் முத்திரையை உடைத்து, மூடியைக் கழற்றி, கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு குனிந்தார்.

"ஆயிரத்து நாப்பது."

உரியம் தன் காதைச் சந்தேகப்பட்டான். பிறகு மேடத்தை.

"நோட்டுல ஐந்நூறுன்னு எழுதியிருக்கீங்க?"

"ஐந்நூறுதான் மேடம்! நானே ஓட்... நான்தானே ஓட்டினேன்!"

"அப்போ மீதி ஐந்நூத்தி நாப்பது?"

கடலுக்குள் நின்ற பன்றி மட்டும் ஒருமுறை உறுமியது. மேடம் நோட்டை மூடினார்.

"மத்த தீவு எதுலயும் வண்டி எரநூறைத் தாண்டல. இங்க ஆயிரம். வண்டியும் இங்கயே இருக்கட்டும், நீங்களும் இருங்க. ஆனா அந்த ஐந்நூத்தி நாப்பது யாரோடதுன்னு நோட்டுல எழுதிடுங்க."

வேலை பிழைத்தது. ஆனால் உரியமுக்கு அந்த நிம்மதி அரை நிமிடம்கூட நிற்கவில்லை. சிவப்பு விளக்கு, மீன் செதில், பெருத்த பன்றி, விற்காத பெட்ரோல் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அவன் முன் வரிசையில் நின்றன. தோக்கா தென்னை உச்சியைப் பார்த்தான். உபதேசியார் சிலுவை போட்டுக்கொண்டார். அகோயா அடுப்பைப் பார்க்க உள்ளே போனாள். அடுப்பு எரியவேயில்லை.

"அத்தனை பேருமா? என் பொண்டாட்டியுமா?" உரியம் ஒரு பாயைத் தூக்கி வீசினான். "நான் ஆபீசு போற நேரம் பாத்துத் திருட்டுத்தனமா ஓட்டிட்டு, திருப்பிப் பாயைப் போட்டு மூடி வேற வச்சிருக்கீங்க! ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கக் கூடாதா?"

தபேரா சிஸ்டர் தடுப்பூசிப் பெட்டியைத் தோளிலிருந்து இறக்கி, வண்டியின் பின்பெட்டிக்குள் பழக்கப்பட்ட கையால் பொருத்திவிட்டுச் சொன்னார்:

"கேட்டா நீ குடுத்துத்தானப்பா ஆகணும், குடுத்தா உன் வேலை போயிடும்ல... அதான் வண்டி வந்த அன்னிக்கே மனேயபாவுல ஊரு கூடி, உன்கிட்ட யாரும் கேட்டுடவே கூடாதுன்னு சத்தியம் பண்ணினோம்."