மாப்பிள்ளை மூடி பார்க்கிறார்

கெட்ட மனிதரெல்லாம் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடிக்க மாட்டார், என் மகளிடம் குரலை உயர்த்தியதில்லை, என்னைப் பார்த்தால் நாற்காலியை விட்டு எழுந்து நிற்பார். அப்புறம் என்ன குறை என்கிறீர்களா? நீங்கள் கேட்கவில்லைதான். நானே சொல்கிறேன். என் மாப்பிள்ளை ஒரு அலசல்காரர்.

அலசல்காரர் என்பது தனி இனம். இந்த இனம் எதையும் வாங்காது, விசாரிக்கும். நமக்கெல்லாம் பல் துலக்க பிரஷ் வேண்டுமென்றால் கடைக்குப் போவோம், வாங்குவோம், மறுநாள் துலக்குவோம். அலசல்காரர் பிரஷ்ஷைப் பற்றி நான்கு பேரைக் கேட்டு, நான்கு பேரும் சொன்னதை ஐந்தாவது ஆளிடம் சொல்லி, அவர் சொன்னதில் சந்தேகம் வந்து, திரும்பவும் முதல் ஆளிடமே போய் நிற்பார். அதுவரை பல்? பல் காத்திருக்கும்.

மாப்பிள்ளை வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிற காண்டிராக்டர். ஒரு பிக்கப் வண்டி வைத்திருக்கிறார். அதன் பின்னால் சரக்கு ஏற்றுகிற பெட்டிக்கு மூடி கிடையாது. ஒருநாள் மழையில் இரண்டு மூட்டை வெள்ளைச் சிமெண்ட் நனைந்து கல்லாகிவிட்டது. "ஒரு மூடி போட்டுடணும் மாமா" என்றார். நல்ல யோசனைதான். அப்போது என் மகளுக்கு இரண்டாம் மாதம். மூடி வந்து சேர்ந்தபோது என் பேத்திக்குப் பதினாறு நாள் வயது. நடுவில் நடந்ததெல்லாம் அலசல்.

மூடியில் எத்தனை ரகம் என்று எனக்கு இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். பாய் மாதிரி சுருட்டுகிற ரகம், மூன்றாக மடிகிற ரகம், உள்ளே இழுத்துக்கொள்கிற ரகம், பெட்டி மாதிரி தூக்கித் திறக்கிற கெட்டி ரகம். சுருட்டுவதைக் கத்தியால் கிழித்துவிடுவார்களாம். மடிவதில் மடிப்பில் தண்ணீர் நிற்குமாம். இழுப்பதில் மண் போனால் சிக்கிக்கொள்ளுமாம். கெட்டி ரகத்தில் என்ன குறை என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. விடுவாரா?

"இதுல கம்ப்ளெயிண்ட்டே வரலீங்க" என்றார் கடைக்காரர்.

"அதான் சந்தேகமா இருக்கு. ஏன் வரல?"

"நல்லா இருக்கறதால வரல."

"இல்ல, வாங்கினவங்க யாரும் அதைப் பயன்படுத்தலையோ என்னவோ."

அந்தக் கடைக்காரர் அதற்குப் பிறகு மாப்பிள்ளையின் வண்டி தெருமுனையில் திரும்பும்போதே குடோனுக்குள் போய்விடுவார் என்று கேள்வி.

வாரம் தவறாமல் ஞாயிற்றுக்கிழமை காலையில் டேப்பை எடுத்துக்கொண்டு வண்டியை அளப்பார். நீளம், அகலம், மூலைக்கு மூலை. நோட்டில் எழுதுவார். போன வாரமும் அதே அளவு, இந்த வாரமும் அதே அளவு. வீட்டில் வளர்ந்துகொண்டிருந்தது என் மகளின் வயிறு. அவர் அளந்துகொண்டிருந்தது வண்டியை. சிக்னலில் மூடி போட்ட வண்டி ஏதாவது நின்றால் போதும், இறங்கி ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்டுவார். "அண்ணே, இது எப்படிண்ணே?" பச்சை விழும். பின்னால் இருக்கிறவன் ஹாரன் அடிப்பான். அந்த அண்ணன் பாவம், விபத்தோ என்று பயந்து, ஓரம் கட்டி, பதில் சொல்லிவிட்டுப் போவார்.

இதில் எனக்கென்ன வந்தது என்கிறீர்களா? தொட்டில் வந்தது.

பேத்திக்கு என்று நானே தச்சரிடம் சொல்லிச் செய்த தொட்டில். நான்கு கால், நாலு பக்கமும் கம்பி, வார்னிஷ் அடித்து மினுமினுவென்று, குழந்தை பிறப்பதற்கு முன்பே தயார். கொண்டுவர வேண்டியதுதான் பாக்கி. மாப்பிள்ளை கையைக் காட்டி நிறுத்தினார். "மூடி போட்டதும் கொண்டாந்துடலாம் மாமா. மழைல நனைஞ்சா மரம் ஊதிடும்."

"தார்ப்பாய் போட்டுக் கட்டிக் கொண்டுவரலாமே மாப்பிள்ளை."

"தார்ப்பாயா! அதுல பதினோரு ரகம் இருக்கு மாமா. அதைத் தனியா பாக்கணும்."

நான் முப்பது வருஷம் லாரியில் மூட்டை ஏற்றியவன். எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன், ஆனால் தார்ப்பாய் எனக்குத் தெரியும். இருந்தும் வாயை மூடிக்கொண்டேன். மாப்பிள்ளை என்கிற மரியாதை.

பேத்தி பிறந்தாள். பதினாறு நாளில் என் குரல் எந்தப் பக்கம் கேட்கிறதோ அந்தப் பக்கம் கண்ணைத் திருப்புகிறாள். அதெல்லாம் இந்த வயதில் வராது என்கிறார் டாக்டர். டாக்டருக்கு என்ன தெரியும்? ஆனால் அவள் அம்மா தூங்கவில்லை. கட்டில் ஒன்றுதான், குழந்தை பக்கத்தில். "கண்ணு அசந்தா இவ மேல புரண்டுடுவேனோன்னு பயமா இருக்குப்பா" என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே ராத்திரியைக் கழித்தாள். பகலில் நான் தூக்கி வைத்துக்கொள்கிறேன். ராத்திரி குழந்தைக்குப் பால் வேண்டும். அது என்னிடம் கிடையாது. பத்தாம் நாள் அவள் என்னைப் பார்த்து "யாருங்க?" என்றாள். தூக்கக் கலக்கம்தான். நேரே மாப்பிள்ளையிடம் போனேன்.

"மாப்பிள்ளை, தொட்டில்?"

"இன்னும் ஒரே ஒருத்தர்கிட்ட கேட்டுட்டு, முடிச்சிடலாம் மாமா."

அந்த ஒருத்தர் யாரோ, நல்லா இருக்கட்டும், "எதையாவது போட்டுத் தொலைங்க" என்று சொல்லியிருக்கிறார். முந்தாநாள் மூடி வந்தது. கெட்டி ரகம். கறுப்பு. போல்ட் போட்டு முடுக்கி, ஓரமெல்லாம் ரப்பர் ஒட்டி, பூட்டு வைத்து. மாப்பிள்ளை அதைத் தடவித் தடவிப் பார்த்தார். பெற்ற பெண்ணை அவர் அப்படித் தடவி நான் பார்க்கவில்லை.

நேற்று தச்சர் பட்டறைக்குப் போனோம். வானம் இருட்டிக்கொண்டு நின்றது. "இருட்டட்டும் மாமா" என்று சிரித்தார். தொட்டிலைத் தூக்கிப் பெட்டியில் வைத்தோம். மூடியை இறக்கினார். மூடி இறங்கவில்லை. தொட்டில் பெட்டிக்கு மேலே ஒன்றரை முழம் நீட்டிக்கொண்டு நின்றது.

எட்டு மாதம் அளந்தாரே, நீளம் அளந்தார், அகலம் அளந்தார், மூலைக்கு மூலை அளந்தார். உள்ளே என்ன வைக்கப் போகிறோம் என்பதை அளந்தாரா?

"மூடியைத் திறந்து வெச்சே ஓட்டுங்க" என்றேன்.

"கீல் போயிடும் மாமா."

"அப்போ கழட்டுங்க."

"ரப்பர் பிஞ்சிடும். வாரண்டி போயிடும்." தொட்டிலைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பிறகு தச்சரிடம் கேட்டார்: "காலைக் கொஞ்சம் குறைக்க முடியுமா?"

"யார் காலை?" என்றார் தச்சர்.

அப்போது பெரிய தூறலாக விழ ஆரம்பித்தது. தச்சர் என்னைப் பார்த்தார். நான் தச்சரைப் பார்த்தேன். பட்டறையிலிருந்து வீடு கால்மணி நேர நடை. அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான், தொட்டிலைக் கவிழ்த்துத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டோம். கொட்டுகிற மழையில், மளிகைக் கடையில் ஒதுங்கி நின்றவர்கள் எல்லாம் பார்க்க, இரண்டு கிழங்கள் நான்கு காலை வானத்துக்குக் காட்டிக்கொண்டு நடந்தோம். பின்னாலேயே, நாங்கள் நடக்கிற வேகத்துக்கு, இரண்டு பக்கமும் விளக்கு மின்ன மின்ன, காலிப் பெட்டியை மூடிக்கொண்டு மாப்பிள்ளையின் வண்டி ஊர்ந்து வந்தது.

மரம் ஊதவில்லை. துண்டால் துடைத்து ஃபேனுக்கு அடியில் ஒரு மணி நேரம் வைத்தோம், காய்ந்துவிட்டது. பேத்தியைப் போட்டோம். கம்பி வழியாக என்னைப் பார்த்தாள் (பார்த்தாள், நான் சொல்கிறேன்). என் மகள் கட்டிலில் காலை நீட்டினாள். விளக்கு வைக்கிற நேரம்வரை அசையவில்லை. அவள் மூச்சு சீராக வருவதைக் கேட்டபடி வாசலில் உட்கார்ந்திருந்தேன், யாரையும் உள்ளே விடாமல்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று யோசியுங்கள்: இரண்டு ஆள் சுமந்து வரக்கூடிய தொட்டிலுக்காக மூன்று வாரத்துக்கு மேல் நானும்தானே தலையாட்டிக்கொண்டிருந்தேன்? இந்த வியாதி தொட்டால் ஒட்டும். இதை முழுக்கப் படிக்கலாமா வேண்டாமா என்று முதலில் கடைசிப் பத்தியை எட்டிப் பார்த்தவர் உங்களில் யாராவது உண்டா? உங்கள் போனில் பார்த்துப் பார்த்துச் சேர்த்து வைத்து, இன்னும் வாங்காத செருப்பு எத்தனை ஜோடி? பரவாயில்லை, சொல்ல வேண்டாம். வீட்டில் உள்ளவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இன்று காலை மாப்பிள்ளை என்னை வாசலுக்குக் கூப்பிட்டார். ராத்திரியெல்லாம் பெய்த மழையில் தெருவே குளமாகக் கிடந்தது. பூட்டைத் திறந்தார், மூடியைத் தூக்கினார். உள்ளே ஒன்றுமே இல்லை. முகமெல்லாம் சிரிப்பாக என் கையைப் பிடித்து உள்ளே விட்டார்.

"தொட்டுப் பாருங்க மாமா. ஒரு பொட்டு ஈரம் இருக்கா?"