சகலனுக்கு முதல் வந்த அப்டேற்

"என்ன தம்பி, உமக்கு இன்னும் வரேல்லையோ?"

சிவபாதம் கேட்டது போன் அப்டேற்றைப் பற்றி. கேட்ட இடம் கனடாவில், யூனியன்வில்லில் அவருடைய சாப்பாட்டு மேசை. கேட்கப்பட்டவன் அவருடைய சகலன் பிரியந்தன். அவன் வாயில் பாதி வடை இருந்தது.

சிவபாதம் தன் போனை ஒரு கணம் தூக்கிக் காட்டினார். பெரிய மணிக்கூடு, கண்ணாடிபோல மினுங்கும் வட்டப் படங்கள். அட, புது வெர்ஷனேதான்! பிரியந்தன் கையை நீட்டுவதற்குள் அது சட்டைப் பைக்குள் போய்விட்டது.

"எனக்கு வெள்ளிக்கிழமையே வந்திட்டுது," என்றார் சிவபாதம், குழம்பை ஊற்றியபடி.

மேசையில் இருந்த பெண்வீட்டார் அத்தனை பேரும் பிரியந்தனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஒரு போன்தானே, இதுக்கென்ன இவ்வளவு என்று நினைக்காதீர்கள். அக்காவையும் தங்கச்சியையும் கட்டிய இரண்டு பேருக்கு நடுவே ஒரு தராசு எப்போதும் ஆடிக்கொண்டிருக்கும். யூனியன்வில் பெரிய வீடு சிவபாதத்துக்கு. பிக்கரிங்கில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடு பிரியந்தனுக்கு. கார், உத்தியோகம், போட்டிருக்கிற சப்பாத்து வரைக்கும் இதே கதைதான். போன் விஷயத்தில் மட்டும் பிரியந்தன் ராசா. அவன் மனைவி நிரோஷினியின் சொந்தத்தில் யாருடைய போன் இடக்குப் பண்ணினாலும் "பிரியந்தனைக் கேளுங்கோ" என்பதுதான் பேச்சு. அந்த ஒரு கதிரையும் போய்விட்டால் அந்தக் குடும்பத்தில் அவனுக்கு உட்கார இடமில்லை, பாவம்.

போதாததற்கு, போன மாதம் இதே மேசையில் ஒரு பிரசங்கம் வேறு செய்திருந்தான்.

"அண்ணை, அப்டேற் எண்டுறது கலியாணப் பொம்பிளை மாதிரி. அவ நேரத்துக்கு வந்திடுவா. ஆனா ஒவ்வொரு போன் கொம்பனியும் தன்ரை பவுடர், தன்ரை பொட்டு, தன்ரை சீலை எண்டு சோடிச்சுத்தான் வெளியிலை விடும். உங்கடை கொம்பனி சோடிச்சு முடிக்க முகூர்த்தம் தப்பியிடும். என்ரை கொம்பனி முகம் கழுவின கையோடை அனுப்பியிடும்."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இன்றைக்கு அதே ஆட்கள்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திரும்பும்போது நிரோஷினி கார் ஓட்டினாள். பிரியந்தன் பக்கத்தில் இருந்து 'அப்டேற் உள்ளதா' என்ற இடத்தை அமத்திக்கொண்டே வந்தான். 'உங்கள் போன் புத்தம் புதிய நிலையில் உள்ளது' என்றது போன்.

"பொய் சொல்லுது சனியன்!"

"விடுங்கோப்பா, வாற நேரம் வரும்."

"உன்ரை அத்தானுக்கு வந்திட்டுதடி!"

மறுநாள் போன் கொம்பனிக்கு அடித்தான். "நாங்கள் எப்பவோ குடுத்திட்டம், உங்கடை லைன் கொம்பனியைக் கேளுங்கோ," என்றார்கள். லைன் கொம்பனி, "எங்களுக்கு ஒண்டும் வரேல்லை, போன் கொம்பனியைக் கேளுங்கோ," என்றது. இரண்டு பக்கமும் மாறி மாறிப் பாட்டுக் கேட்டதுதான் மிச்சம்.

காலை றெயினில் அவனோடு போய்வருகிற றொய்சனுக்குத் தெரியாத விஷயம் உலகத்திலேயே இல்லை.

"அண்ணை, போனிலை நாட்டை மாத்துங்கோ. பிரேசில் எண்டு போடுங்கோ. அங்கை முதல் விடுறாங்கள்."

பிரியந்தன் பிரேசில் என்று போட்டான். அப்டேற் வரவில்லை, போன்தான் பிரேசிலுக்குப் போனது. எழுத்தெல்லாம் போர்த்துக்கேயம். வெளியே பனி கொட்ட, உள்ளே வெயில் படத்தைக் காட்டி முப்பத்தொரு பாகை என்றது. திருப்பிக் கனடாவுக்குக் கொண்டு வரலாமென்றால், எந்த மெனுவில் என்ன எழுதியிருக்கிறது என்று யார் கண்டது?

"இனி ஒரே வழிதான்," என்றான், கலியாணப் பொம்பிளைப் பிரசங்கத்தை ஏற்கெனவே றெயினில் கேட்டிருந்த றொய்சன். "உங்கடை கொம்பனியும் உள்ளுக்கை பவுடர் பூசிக்கொண்டுதான் நிக்குது. அந்தச் சோடனை முழுக்கக் கழட்டிப்போட்டு வெறும் சிஸ்டத்தை ஏத்துவம்."

"ஆபத்தில்லையோ?"

"நான் இருக்கிறன் அண்ணை."

அன்று பின்னேரம் வீடு திரும்பும் றெயினிலேயே ஏற்றினார்கள். புது வெர்ஷன் வந்தேவிட்டது! பிரியந்தன் றொய்சனைக் கட்டிப்பிடிக்காத குறை. சந்தோஷம் பிக்கரிங் ஸ்டேஷன் வரைக்கும் நிலைத்தது. அங்கே பாங்க் ஆப்பைத் திறந்தான். 'இந்தப் போன் நம்பத்தக்கதல்ல' என்று அது கதவைச் சாத்தியது. கமெரா எடுத்த படத்தில் அவன் முகம் பாசி பிடித்த மாதிரிப் பச்சையாக இருந்தது. நிரோஷினிக்குக் கோல் எடுத்தால் அவள் பேசுவது அவனுக்குக் கேட்டது. அவன் கத்துவது அவளுக்குக் கேட்கவில்லை.

"கலியாணம் கட்டின நாளிலையிருந்து நீங்கள் குறுக்கை கதைக்காமல் நான் சொன்னதைக் கேட்டது இண்டைக்குத்தான்," என்றாள் அவள், வீட்டுக்கு வந்ததும். "இந்த அப்டேற் நல்லாத்தான் இருக்கு."

பிரியந்தனுக்குச் சிரிப்பு வரவில்லை. பழைய சோடனையைத் திருப்பிப் போட முயன்றான். கொம்பனியின் பெயர் திரையில் வரும், போகும், வரும், போகும். பிறகு வரவே இல்லை. ஸ்காபரோவில் ஒரு கடைக்காரர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆர் கை வைச்சது?" என்று மட்டும் கேட்டார்.

அந்த நேரம் பார்த்து நிரோஷினியின் சொந்தக்காரியான மிசிசாகா மாமி அவளுடைய போனுக்கு எடுத்தா. "என்ரை போனிலை எழுத்தெல்லாம் சின்னனாப் போச்சு பிள்ளை. பிரியந்தனிட்டைக் குடு."

"அவற்றை போனே செத்துப்போச்சு மாமி."

"ஐயோ! அப்ப நான் சிவபாதத்தையே கேக்கிறன். அவருக்கெல்லோ புதுசெல்லாம் முதல் வருதாம்."

பிரியந்தன் சோபாவில் அப்படியே இருந்துவிட்டான். கதிரை போய்விட்டது. அன்றிரவு அவன் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தானாகவே யூனியன்வில்லுக்குப் போனான். தோற்றதை வாய்விட்டுச் சொன்னால் வயிற்றெரிச்சல் பாதி குறையும் என்று நிரோஷினிதான் அனுப்பிவைத்தாள்.

"அண்ணை, நான் அண்டைக்குக் கதைச்சது பிழை. உங்கடை கொம்பனிதான் திறம். நானும் அதையே வாங்கப் போறன்."

சிவபாதம் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். மனிதர் நெளிந்தார்.

"சீச்சீ, அப்பிடியெல்லாம் சொல்லாதையும் தம்பி. ஏன் அவசரப்பட்டுக் காசைக் கரியாக்கிறீர்? தேத்தண்ணியைக் குடியும்."

"இல்லையண்ணை, உங்கடை போனை ஒருக்காத் தாங்கோ. எப்பிடி ஓடுதெண்டு பாப்பம்."

"அது... சார்ஜ் இல்லை."

சார்ஜ் இல்லாத போன் சட்டைப் பைக்குள் இருந்து பெரிய சத்தத்தில் அடித்தது.

"மிசிசாகா மாமி. கிழமை முழுக்க உதே சோலி," என்று முணுமுணுத்தபடி சிவபாதம் எழுந்து குசினிக்குள் ஓடினார்.

பக்கத்துச் சோபாவில் அவர் மகள் தனுசியா மடிக்கணினியோடு இருந்தாள்.

"பிள்ளை," என்றான் பிரியந்தன், "அப்பாவின்ரை போனிலை அந்த அப்டேற் இறங்க எவ்வளவு நேரம் எடுத்தது?"

தனுசியா தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"என்ன அப்டேற் சித்தப்பா? அந்த ஓல்ட் போனுக்கு அப்டேற் வாறது எப்பவோ நிண்டுட்டுது. அது நான் போட்டுக் குடுத்த தீம், ஜஸ்ற் மேலாலை லுக் மட்டும்தான் புதுசு. லைஃபிலை ஒருக்காவாவது சித்தப்பாவை வெல்லோணும் எண்டு அப்பா கெஞ்சினவர்!"