மகாலட்சுமி இளைத்த கதை

பயம் வந்தால் சிலருக்குக் கை நடுங்கும். சிலருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எனக்குச் சுறுசுறுப்பு வந்துவிடும். பயந்தவள் ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதால் யாருக்கும் சேதமில்லை. எழுந்து வேலை செய்யத் தொடங்கினால்தான் குடும்பம் தாங்காது.

அறுபதுகளின் கடைசியில் காரைக்குடியில் ஒரு தச்சாசாரி வீட்டுக்கு மருமகளாக வந்தேன். வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. நான் பிறந்தது சிவகங்கையில், நகை வேலை செய்யும் வீட்டில். என் அப்பா தோடு செய்வார், மூக்குத்தி செய்வார், தாலிக்கொடி முறுக்குவார். அவர் செய்த எதற்கும் கண் கிடையாது. (இதை இப்போதே சொல்லிவைக்கிறேன். பின்னால் எனக்காக வாதாட உதவும்.)

மாமனார் என்றால் எனக்குக் குலைநடுக்கம். அவர் என்னை ஒரு வார்த்தை திட்டியதில்லை. ஒரு வார்த்தை பேசியதே இல்லை. வாசலில் நின்று ஓர் இருமல் இருமுவார். அதைக் கேட்டதும் நான் அடுப்படிக்குள் போய்விட வேண்டும். எங்களுக்குள் அதுவரை நடந்த பேச்சு மொத்தமும் அந்த இருமல்தான். என் கணவரோ கதவு மாட்டும் வேலையாக இளையாத்தங்குடிக்குப் போயிருந்தார்.

அப்போது எங்கள் கூடத்தில் ஒரு மகாலட்சுமி முகம் உருவாகிக்கொண்டிருந்தது. செக்காலையில் வீடு கட்டிக்கொண்டிருந்த ஒரு செட்டியார் வீட்டு ஆச்சியின் தலைவாசல் நிலைக்கு மேலே பதிப்பதற்காக மாமனார் செதுக்கிக்கொண்டிருந்தார். மரம் புதிதல்ல. ஆச்சி பிறந்த வீட்டைப் பங்காளிகள் பிரித்தபோது அவர் பங்குக்குக் கிடைத்தது ஒரு பர்மாத் தேக்குத் தூணின் அடித்துண்டுதான். அதைத் துணியில் சுற்றி, காரில் மடியில் வைத்துக்கொண்டு வந்து கொடுத்தார்.

"எங்க அப்பச்சி சாஞ்சு உக்காந்த தூணு, ஆசாரியாரே. இது போச்சுன்னா வேற கட்டை கெடையாது. பாத்துச் செஞ்சு குடுப்பீகல்ல?" என்று அவர் தன் அப்பாவை நினைத்துச் சொன்னதை நானும் அடுப்படியிலிருந்து கேட்டேன்.

சம்பவ தினத்தன்று மாமனார் நேரம் குறித்துவர அரியக்குடிக்குக் கிளம்பிப் போனார். அத்தை கூடையை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் புறப்பட்டார்.

"இந்தாத்தா, சும்மாதான இருக்க? மாமா செதுக்கி வச்சுருக்காகல்ல, அந்த மொகத்த உப்புத்தாள் போட்டு நல்லாத் தேச்சு வையி. சொரசொரப்பு இருந்தா மாமாவுக்குப் புடிக்காது."

அந்த வீட்டில் செதுக்குவது ஆண்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் எண்ணெய் பூசுவதும் பெண்கள். 'மாமாவுக்குப் புடிக்காது' என்பது காதில் விழுந்ததுமே எனக்குச் சுறுசுறுப்பு வந்துவிட்டது. கன்னத்தைத் தேய்த்தேன். நெற்றியைத் தேய்த்தேன். வெண்கலப் பானைக்குக்கூட நான் அப்படி உழைத்ததில்லை. பழைய தேக்கு தேய்க்கத் தேய்க்கத் தேன் நிறத்துக்கு வந்தது. எனக்கே பெருமையாக இருந்தது. முந்தானையால் தூசியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன்.

மகாலட்சுமிக்குக் கண் இல்லை.

மூக்கு இருந்தது. சிரிப்பு இருந்தது. கண் இருந்த இடத்தில் வழவழவென்று இரண்டு மேடு. நான் தேய்க்க உட்கார்ந்தபோது கண் இருந்தது, சத்தியமாக இருந்தது. இமையையும் கருவிழியையும் இந்தக் கண்ணால் பார்த்தேன். அப்படியானால் நான்தான் தேய்த்துத் தீர்த்துவிட்டேன்.

ஆச்சி காரிலிருந்து இறங்குவதும், என் அப்பா சிவகங்கையிலிருந்து வந்து என் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னைத் திரும்ப அழைத்துப்போவதும், தெருவே வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பதும் வரிசையாகத் தெரிந்தன. சாமி கண்ணை அழித்தவளின் தங்கையை இனி யார் கட்டிக்கொள்வார்கள் என்றுகூட அழுதேன். (எனக்குத் தங்கை கிடையாது. பயம் அதையெல்லாம் பார்ப்பதில்லை.)

அழுதபடியே மாமனாரின் உளிப்பெட்டியைத் திறந்தேன். அவர் பெற்ற பிள்ளையே கேட்காமல் தொடாத பெட்டி அது. இருப்பதிலேயே சின்ன உளியாக ஒன்றை எடுத்து, சாமியைக் கும்பிட்டுவிட்டு, அதே சாமியின் முகத்தில் வைத்துத் தட்டினேன்.

இடது கண் ஓரளவு வந்தது. வலது கண் அதைவிடப் பெரிதாகிவிட்டது. சரியென்று இடதைப் பெரிதாக்கினேன். இப்போது வலது சின்னதாகத் தெரிந்தது. இப்படி மாற்றி மாற்றித் தோண்டியதில், கடைசியில் மகாலட்சுமி பேயைக் கண்டவள் போல முழித்தாள். (அவள் எதிரே இருந்தது நான் மட்டும்தான்.)

இன்னும் ஒரே ஒரு தட்டு என்று வலது கண்ணில் தட்டினேன். 'ணங்' என்றது. எந்தக் காலத்திலோ யாரோ தோரணம் கட்ட அடித்த ஆணி, தலை முறிந்து தூணுக்குள்ளேயே கிடந்திருக்கிறது. உளியின் முனை பெயர்ந்துவிட்டது. வெட்டுப்பட்ட ஆணியோ, கருவிழி இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக மின்னியது. நான் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அது என்னையே பார்த்தது.

உளியைப் பெட்டிக்குள் போட்டேன். மகாலட்சுமியைத் துண்டால் மூடினேன். பாயை விரித்துப் போர்த்திப் படுத்துவிட்டேன்.

சந்தையிலிருந்து வந்த அத்தை என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "என்னாத்தா, ஒடம்பு இப்புடிக் கொதிக்குது?" நடிப்பில்லை, நிஜமாகவே காய்ச்சல். அவர் பதறிப்போய் மிளகு ரசம் வைக்க ஓடினார். அந்த ரசத்தைக் குடிக்கும்போது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

சாயங்காலம் வாசலில் இருமல் கேட்டது. ஓடாமல் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டேன்.

"நாளைக்குக் காலையிலயே நேரம் நல்லா இருக்காம்," என்று மாமனார் அத்தையிடம் சொன்னார். "ஆச்சிக்கும் சொல்லிவிட்டுட்டேன். பென்சில்ல கண்ணப் போட்டுப் பாத்தேன், சரியா இருந்துச்சு. நாளைக்கு உளி வச்சுத் தொறந்துரலாம்."

போர்வைக்குள் எனக்கு உயிரே போய்விட்டது. சாமி முகத்துக்குக் கண்ணை மட்டும் கடைசியில், நேரம் பார்த்து, விரதமிருந்து, பெரிய ஆசாரி கையால்தான் திறப்பார்களாம். தச்சு வீட்டில் தவழுகிற பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. நான் அழித்தது வெறும் பென்சில் கோடு! பேசாமல் படுத்துத் தூங்கியிருந்தால் மகராசியாக இருந்திருப்பேன்.

மாமனார் துண்டை எடுத்தார். அத்தை "ஆத்தாடி!" என்று வாயைப் பொத்திக்கொண்டார். நான் போர்வையோடு எழுந்து வந்து நின்றேன்.

"கண்ணு அழிஞ்சு போச்சுன்னு நெனச்சேன், மாமா."

அவரிடம் நான் பேசிய முதல் வார்த்தை அது. அடித்தால்கூடத் தேவலை என்றிருந்தது. அவர் அந்த முகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பெட்டியைத் திறந்து முனை போன உளியைப் பார்த்தார். "பல்ப கொஞ்சம் கீழ எறக்கிக் கட்டு" என்று அத்தையிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். குறடு போட்டு ஆணியைப் பிடுங்கினார்.

மரத்தில் போனது போனதுதான், ஒட்டவைக்க முடியாது. நான் தோண்டிய ஆழத்துக்கு முழு முகத்தையும் இறக்கினால்தான் வழி. கன்னம் போயிற்று. நெற்றி போயிற்று. மூக்கும் மோவாயும் பின்வாங்கின. ஒவ்வொரு சீவல் விழும்போதும் ஆச்சி அந்தத் தூணை மடியில் வைத்துக்கொண்டு வந்தது என் ஞாபகத்துக்கு வந்தது. கடைசியில் தேய்க்கிற வேலை வந்ததும் உப்புத்தாளை அத்தை கையில் கொடுத்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

மறுநாள் காலை ஆச்சி வந்தார். தேங்காய் உடைத்து, மாமனார் மகாலட்சுமியின் கண்ணைத் திறந்து, சாமி முதலில் தன்னையே பார்க்கட்டும் என்று எதிரே கண்ணாடியைக் காட்டினார். நான் அடுப்படிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆச்சி குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடியும் குனிந்தார்.

"ஏன் ஆசாரியாரே, முந்தி பாத்தப்ப மொகம் நல்லாப் பூரிப்பா இருந்துச்சே. இப்ப இளைச்சுப் போயிட்டாளே? கண்ணும் கொஞ்சம் மெரண்டாப்புல இருக்கு."

மாமனார் இருமினார். அந்த இருமலுக்கு நான் ஓட வேண்டும். ஆனால் இதற்கு மேல் ஓட அடுப்படியில் இடமில்லை.

"புது வீட்டுக்கு வர்றவ, ஆச்சி," என்றார். "புதுசா வர்ற பொண்ணுக்குப் பயம் இருக்கத்தான செய்யும்? அதுல இளைச்சிருக்கா. நம்மதான் நல்லா வச்சுக்கணும்."

ஆச்சி அந்த ஒட்டிய கன்னத்தைத் தடவி, "நாங்க நல்லா வச்சுக்கிருவோம் ஆத்தா," என்று மகாலட்சுமியிடமே சொன்னார். நான் உள்ளே உட்கார்ந்து விம்மி விம்மி அழுதேன். அடுப்பில் புகை அதிகம் என்று அத்தை சமாளித்தார்.

உளியைப் பற்றி மாமனார் கடைசிவரை கேட்கவில்லை. ஆனால் அதன்பிறகு எந்த முகத்தைக் கொண்டுவந்து கூடத்தில் வைத்தாலும், ஒரு முறை இருமிவிட்டு, யாரையும் பார்க்காமல், "இதுக்கு இன்னும் கண்ணு தொறக்கல" என்று சத்தமாகச் சொல்வார். என் பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். குளிப்பாட்டி முகம் துடைக்கத் துண்டோடு போனால், "அம்மா, கண்ண மட்டும் விட்ரு!" என்று அலறுவார்கள். இப்போது பேரப்பிள்ளைகளும் அலறுகிறார்கள்.

போன தை மாதம் ஆச்சி வீட்டில் ஒரு கல்யாணம். தலைவாசலில் நின்று அண்ணாந்து பார்த்தேன். எத்தனையோ வருஷம் எண்ணெய் பூசிக் கறுத்திருந்தாலும், இன்னும் அதே ஒட்டிய கன்னம், அதே மிரண்ட கண்.

"அம்மா, கையில ஒண்ணும் இல்லைன்னு காட்டிட்டு வாங்க," என்றான் மகன். "சாமி பயப்படுது."

இரண்டு கைகளையும் விரித்துக் காட்டிவிட்டுத்தான் உள்ளே போனேன்.